சவரியம்மா பிடுங்கிய முள்

மாத்தளைச் சந்தையில் சவரியம்மாவைக் கண்டால் மீன்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கூடையைக் கீழே வைக்காமலே செவுளைத் தூக்கிப் பார்த்து, "இந்த மீனு செத்து எத்தன நாளாச்சுங்க? அடக்கப் பூசையாச்சும் வெச்சீங்களா?" என்று கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்களே தவிர, மீன்காரனுக்குச் சிரிப்பு வராது. துரைமாருக்கும் அவள் பயந்ததில்லை, பேய்க்கும் பயந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு தேங்காயையும் கொஞ்சம் பாக்கு மட்டையையும் பார்த்து நடுநடுங்கிப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாதவர்கள் போகட்டும், நான் நடந்ததைச் சொல்கிறேன்.

ரத்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்தவள் அவள். மூத்தவளான அவளுக்குப் பாட்டனாரின் தாய் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தது ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று நின்றது. அந்த நேரம் பங்களாவில் இருந்த துரைசானியின் பெயரையே அதற்கு வைத்து டொறீன் என்றார்கள். டொறீன் நடக்கப் பழகுவதற்குள் அப்பன் மண்சரிவில் போனான், ஆத்தா காய்ச்சலில் போனாள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே சவரியம்மா துரை பங்களாக் குசினிக்கு வேலைக்குப் போனாள். அப்போது அவளே ஒரு சின்னப் பெண்தான். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அதைப் படுக்கப் போட்டுவிட்டு, ஒரு கண் குழந்தையிலும் ஒரு கண் சூப்பிலுமாகச் சமையல் பழகினாள்.

பெண் பார்க்க வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். சின்னதை எங்கேயாவது கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வரலாமே என்றார்கள். "அப்ப நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள். தேத்தண்ணியில் சீனி குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை, அவளும் அதற்காக அழவில்லை. டொறீன் படித்தாள், இங்கிலீஷ் பேசினாள், நாவுலைக்கும் மாத்தளைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்த இராயப்பனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில்தான் சவரியம்மா முதன்முதலாகக் கண்ணீர் விட்டதைப் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள்.

டொறீனுக்கு இரண்டு தரம் வயிற்றில் வந்து தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியது. மாதம் ஏற ஏறச் சவரியம்மாவுக்குத் தூக்கம் இறங்கியது. வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று, "இது ஒண்ண மட்டும் விட்டுக் குடுங்க சாமி, வேற எதையும் ஒங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்று பேரம் பேசிவிட்டு வந்தாள். பிறகு டொறீன் குடியிருந்த நாவுலைக்குப் போய், இராயப்பன் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சியைப் பெட்டியோடு தன்னிடம் கூட்டி வந்துவிட்டாள்.

தன்னிடம் என்றால் ஒரு பங்களாவின் பின்பக்கத்து அறை. கொழும்பில் படம் வரைகிறவர்களும் சிலை செய்கிறவர்களும் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம், மாத்தளை டவுனுக்கு வெளியே பழைய பங்களா ஒன்றை எடுத்து வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒருவர் வந்து சில மாதம் அங்கே தங்கி, சோற்றுக்குக் கவலைப்படாமல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகலாம். அந்தச் சோற்றுக்குக் கவலைப்படுகிற ஆள் சவரியம்மா. அறுபத்தேழாம் ஆண்டு வந்தவள் நோர்வே நாட்டுக்காரி. பெயர் இங்கர். நிலைக்கதவில் தலை இடிக்கும் உயரம், வெயில் பட்டால் இறால் போலச் சிவந்துவிடும் தோல், எதைச் சமைத்துப் போட்டாலும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லும் வாய்.

இங்கர் கல்லையும் வெண்கலத்தையும் தொடமாட்டாள். மரத்திலிருந்து விழுந்தது, மண்ணில் கிடந்தது, இவைதான் அவளுக்கு வேண்டும். பாக்கு மட்டை, கித்துல் பனை நார், கொக்கோ ஓடு, தென்னம் பாளை என்று நாள் முழுக்கப் பொறுக்கிக்கொண்டு வந்து தோட்டத்து மூலைக் கொட்டிலில் குவிப்பாள். ஆணி கூடாது, கம்பி கூடாது, பசை கூடாது, வர்ணம் கூடாது. செய்த சிலை மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகப் போக வேண்டுமாம், அதுதான் அழகாம்.

"மண்ணாப் போறதுக்குத்தான் கப்பலேறி வந்தீங்களா மிஸ்?" என்று சவரியம்மா கேட்டாள். அவளுக்கு இருந்த குசினி இங்கிலீஷும் இங்கருக்கு வந்த நாலைந்து தமிழ்ச் சொல்லும் சேர்ந்தால் ஒருமாதிரிப் பேச்சு ஓடிவிடும்.

முதல் வாரத்திலேயே ஒரு வில்லங்கம் நடந்தது. கொட்டிலைக் கூட்டிப் பெருக்கியபோது கிடைத்த காய்ந்த பாளையையும் நாரையும் சவரியம்மா அள்ளிக்கொண்டு போய்ச் சோற்றுப் பானையின் கீழே வைத்துவிட்டாள். அது கொக்காம். இங்கர் மூன்று நாள் உட்கார்ந்து செய்த கொக்கு. "ஐயோ மாதாவே!" என்று சவரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இங்கரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, இனிமேல் கொட்டிலைக் கூட்ட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சவரியம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை விட்டாள்.

கொக்கை எரித்த குறை அவள் மனதில் இருந்தது. ஆணி இல்லாமல் மட்டையோடு மட்டையைச் சேர்க்க முடியாமல் இங்கர் திண்டாடியபோது, குசினிக்குப் பின்னால் நின்ற தேசி என்ற எலுமிச்சை மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, நீளமான முள்ளாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பலா இலையை ஈர்க்கால் குத்திக் கரண்டி செய்வது போலக் குத்திக் காட்டினாள். இங்கர் அவளைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். "சீ, விடுங்க மிஸ்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாலும் அன்று முழுக்கச் சவரியம்மா பாடிக்கொண்டே சமைத்தாள்.

டொறீன் வந்த பிறகு இங்கருக்கு இன்னும் சந்தோஷம். இங்கிலீஷில் பேச ஆள் கிடைத்ததே. வெயில் தாழ்ந்த நேரம் சவரியம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து, செவ்வரத்தம்பூப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தங்கச்சியின் தலையில் தேய்த்துச் சீவிவிடுவாள். இங்கர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, சீப்பு போய் வருவதையும் டொறீனின் வயிற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். "நல்ல மனசுதான், ஆனா கண்ணு வெள்ளக்காரக் கண்ணு" என்று முணுமுணுத்து, இருட்டுகிற நேரத்தில் சவரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றிச் சுருட்டி, அறைச் சுவரில் இருந்த வெடிப்புக்குள் செருகிவைப்பாள். பெண்பிள்ளையின் முடியைக் காற்றில் விடக் கூடாது, யார் கையில் கிடைக்கும் என்று தெரியாதே. சேர்ந்ததும் குழிதோண்டிப் புதைக்கலாம் என்றிருந்தாள்.

அப்படியிருக்க ஒரு நாள் மத்தியானம் காற்றும் மழையும் திடீரென்று பிடித்துக்கொண்டது. இங்கர் தபால் கந்தோருக்குப் போயிருந்தாள், டொறீன் அறையில் படுத்திருந்தாள். கொட்டில் கூரையில் கிடுகு ஒன்று பிய்ந்து பறப்பதைச் சவரியம்மா குசினி ஜன்னலால் கண்டாள். உள்ளே இருப்பதெல்லாம் நனைந்துவிடுமே என்று ஓடினாள். எட்டிப் பார்ப்பதில்லை என்றாலும் இதற்கு ஓடாமல் இருக்க முடியுமா?

மூலையில் ஏதோ சாக்குப் போட்டு மூடியிருந்தது. அதை இழுத்து உள்ளே வைக்கப் போனபோது சாக்கு நழுவியது.

பாக்கு மட்டையில் செய்த ஒரு பெண். உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒரு முழுத் தேங்காய். தலையில் முடி, நார் இல்லை, உண்மையான முடி, செவ்வரத்தை எண்ணெய் மணக்கிற முடி. இடுப்பைச் சுற்றியும் வயிற்றின் குறுக்காகவும் மட்டையை இழுத்துப் பிடித்து வரிசை வரிசையாகத் தேசி முள் குத்தியிருந்தது.

சவரியம்மா இரண்டடி பின்வாங்கினாள். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஒருத்தியின் வயிற்றில் பிள்ளை தங்கக் கூடாது என்று வஞ்சம் வைத்தவர்கள் செய்கிற வேலை அது. அவளைப் போல உருவம் செய்வார்கள், அவள் முடியை வைப்பார்கள், வயிற்றில் தேசி முள்ளைக் குத்துவார்கள். இங்கர் வஞ்சம் வைத்துச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஓர் எறும்பை மிதிக்கவும் மனசு வராது. ஆனால் முள்ளுக்கு அது தெரியுமா? அந்த முள்ளை ஒடித்துக் கொடுத்தவளும் சவரியம்மாதானே. தன் கையாலேயே ஒடித்து, எப்படிக் குத்துவது என்றும் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

எரித்துவிடலாமா? டொறீனின் முடி இருக்கிறது, எரித்தால் அவளுக்கு எரியும். ஆற்றில் விடலாமா? அதுவும் அவளைத்தான் இழுத்துக்கொண்டு போகும். ஒரே வழிதான் என்று லயத்துப் பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறாள். ரத்த உறவுள்ள ஒருத்தி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அந்தக் கேடு விலகும், விலகிப் பிடுங்கினவளின் கைக்கு வரும்.

சவரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். சிலுவை போட்டாள். கீரை ஆய்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரு முள்ளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே என்று சொல்லிப் பிடுங்க ஆரம்பித்தாள். பயம் எல்லாம் போய்விட்டது. வழி தெரிந்த பிறகு அவளுக்கு எதற்குப் பயம்?

பாதிக்கு மேல் பிடுங்கியிருப்பாள், இங்கர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கொட்டில் வாசலில் நின்றாள். மட்டை பிரிந்து, தேங்காய் உருண்டு கிடந்தது. பல வாரத்து வேலை.  இங்கர் தன் மொழியில் ஏதோ கத்தினாள். சத்தம் கேட்டு டொறீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டொறீனு, கிட்ட வராதடி! அங்கேயே நில்லு!"

"என்னக்கா? என்ன செஞ்ச? மிஸ் அழுறாங்க."

"அவங்ககிட்ட கேளு, இது என்னத்துக்குன்னு."

டொறீன் கேட்டாள். இங்கர் விக்கி விக்கிச் சொன்னதை எட்டவே நின்று தமிழில் சொன்னாள். "எனக்குப் பரிசாம் அக்கா. புள்ள பொறந்ததும் குடுக்கணும்னு மறைச்சு வெச்சாங்களாம். முடி செவத்துல இருந்திச்சாம், யாருக்கும் வேணாம்னு நெனச்சு எடுத்தாங்களாம். நீ என் தலைய சீவுற அழகப் பாத்துத்தான் இதச் செய்யவே தோணிச்சாம்."

"தெரியும்டி. அவங்க மனசு எனக்குத் தெரியாதா? மனசு வேற, முள்ளு வேற. வயித்துல முள்ளு குத்தின உருவம் கெட்டதுன்னு சொல்லு. அது போதும்."

டொறீன் சொன்னதும் இங்கரின் முகம் வெளுத்துப் போயிற்று.  பிறகு சட்டென்று சவரியம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மிச்சம் இருந்த முள்ளைத் தானே பிடுங்கக் கையை நீட்டினாள். சவரியம்மா அந்தக் கையில் பளாரென்று ஓர் அடி வைத்தாள்.

"தொடாதீங்க! ஒங்களுக்கு வேணாம் மிஸ். ஒங்கம்மா அங்க ஒங்களப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

வெள்ளைக்காரியை அக்கா அடித்துவிட்டாளே என்று டொறீன் வாயில் கை வைத்தாள். இங்கர் கையைத் தடவிக்கொண்டு அழுதாள். சவரியம்மா ஒன்றையும் கவனிக்காமல் கடைசி முள் வரைக்கும் தானே பிடுங்கி முடித்தாள். முடியைத் தனியாகவும் முள்ளைத் தனியாகவும் புதைத்தாள். அப்புறம் போய்ச் சோறு வடித்தாள்.

மறுநாளிலிருந்து அவள் டொறீனைத் தொடவில்லை.

கைக்கு வந்தது கையோடு இருக்கட்டும், மறுபடி அவளிடம் போய்விடக் கூடாது என்பது அவள் கணக்கு. காரணத்தைச் சொல்லவும் மாட்டாள், சொன்னால் சின்னவள் பயந்து போவாள். பின்வாசல் படியில் இப்போது இங்கர்தான் சீப்பைப் பிடித்தாள். "அப்படி இழுக்காதீங்க மிஸ், அது என்ன தும்புக் கயிறா? அடியப் புடிச்சுக்கிட்டுச் சீவுங்க. எண்ணெய உச்சியில வைங்க, நெத்தியில வடிய விடாதீங்க" என்று சவரியம்மா முற்றத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லும்போது கை தானாகக் காற்றில் சீவும். அதைப் பார்த்து டொறீன் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன்மேல் அக்காவுக்கு என்ன கோபம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனாள்.

சவரியம்மாவோ சாகத் தயாரானாள். அதையும் தன் பாணியில்தான் செய்தாள். அலமாரியில் இருந்த நல்ல சேலையை டொறீனின் பெட்டிக்குள் வைத்தாள். இங்கருக்குப் பருப்பும் சோறும் ஆக்கப் பழக்கினாள். கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். முழுக்கதையையும் கேட்ட குருவானவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூசை தவறாம வர்ற நீ, இந்தச் சூனியத்த எல்லாம் நம்பலாமா சவரியம்மா?"

"நம்பக் கூடாதுங்க சாமி."

"அப்ப எதுக்கு இப்படிச் செஞ்ச?"

"சாமிக்குக் கூடப் பொறந்த தங்கச்சி இருக்குங்களா?"

அவர் ஒரு செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார்.

டொறீனுக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலை. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது இங்கர், கைத்தாங்கலாகப் பிடித்ததும் இங்கர். சவரியம்மா இரண்டடி தள்ளிப் பின்னால் நடந்தாள். வெளியே மரத்தடியில் நின்று, "எனக்கு இப்பவே வந்தாலும் பரவாயில்ல, ஆனா அது பொறந்த சத்தத்தக் கேட்டுட்டுப் போறேன்" என்று அந்தோனியாரோடு மறுபடி பேரம் பேசினாள். டிக்கட் பை தோளில் தொங்க, பஸ்ஸை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு இராயப்பன் ஓடிவந்து சேர்ந்தான்.

பிறந்தது பெண். நன்றாகப் பிறந்தது, நன்றாக அழுதது. சவரியம்மா அந்த அழுகையைக் கேட்டதும் மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் யாரும் பார்த்ததில்லை.

உள்ளே விட்டதும், தாதி குழந்தையைத் துணியில் சுற்றி மூத்தவள் கையில் கொடுக்க வந்தாள். சவரியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கை அழுக்குங்க. மாப்புளகிட்ட குடுங்க."

இராயப்பன் தூக்கினான், சிரித்துக்கொண்டே. இங்கர் தூக்கினாள், அழுதுகொண்டே. பிறகும் குழந்தை சவரியம்மாவிடம் வந்தது. "எனக்குச் சளி" என்றாள். "பொறகு தூக்குறேன்" என்றாள். கண் மட்டும் குழந்தையை விட்டு அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் கைவிரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததை இங்கர் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிலில் குனிந்து டொறீனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அன்று கொட்டிலில் என்னை அடித்தபோது உன் அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

'ஒங்களுக்கு வேணாம், ஒங்கம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க' என்றதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கும்போதே டொறீனுக்கு விளங்கிவிட்டது.  கன்னத்தால் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

"அக்கா, இங்க வா."

"இங்க நின்னாலே கேக்குது. சொல்லு."

"முள்ளப் புடுங்கினா புடுங்கினவங்களுக்கு வருமாக்கா?"

சவரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்குத்தான் மிஸ்ஸத் தொட விடல்லியா? அதுக்குத்தான் இத்தன நாளா என் தல முடியக்கூடத் தொடல்லியா?"

"சும்மா கெட. பச்ச ஒடம்புக்காரி, பேசாத."

"நான் கோவம்னு நெனச்சேன்க்கா. எம்மேல கோவம்னு நெனச்சு எத்தன நாளு அழுதேன் தெரியுமா?"

டொறீன் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று தாதி ஓடிவந்தாள். அவள் கேட்கவில்லை. குழந்தையை இங்கரிடமிருந்து வாங்கி, கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, அக்காவுக்கு நேரே நீட்டினாள்.

"என்ன வளத்த கைக்கா அது. அதுல என்னமோ வந்து ஒட்டியிருக்குன்னா ஒட்டியிருக்கட்டும். அதோடயே தூக்கு. ஒனக்கு வந்தது எதுவோ, எம்புள்ளைக்கும் அதுல பங்கு இருக்கட்டும்."

"ஐயோ, வாயக் கழுவுடி!" என்று சவரியம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்த இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்தாள். குழந்தை அந்தக் கைகளில் வந்து விழுந்தது.